குறி கேட்க வந்த போதகர்

மண்ணரை என்ற ஊரில் குறி சொல்லும் செல்லத்தாயின் முன்னால் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தார் போதகர் ஞானசிகாமணி. குறி கேட்பதே பாவம் என்று ஞாயிறுதோறும் மைக்கில் முழங்குகிறவர்.

"பைபிள்ல வர்ற சவுல் ராஜாவும் கடைசியில குறி சொல்ற அஞ்சனக்காரிகிட்டதான் போனான். செத்துப்போன சாமுவேலை எழுப்பச் சொன்னான். நீ என் மக எஸ்தரைக் கூப்பிடும்மா."

"என்னய்யா கேக்கணும்?"

"அவ விரும்புன பையனையே கட்டிவைக்கலாம்னு முடிவு பண்ணி, அன்னைக்குச் சாயங்காலம் சொல்ல இருந்தேன். அதுக்குள்ள ஏன் உசுரை மாய்ச்சுக்கிட்டா?"

செல்லத்தாய் சோழிகளை அள்ளிப் பைக்குள் போட்டாள்.

எஸ்தர் இறந்த அன்று மதியம், வேலைபார்த்த பனியன் கம்பெனியில் சாப்பாட்டு மணி அடித்ததும் இங்கேதான் ஓடிவந்தாள். "எங்கப்பா சம்மதிப்பாராக்கா?" என்று கேட்டவளிடம், அவர்மேல் இருந்த ஆத்திரத்தில் சோழியைக்கூட உருட்டாமல், "உங்கப்பன் செத்தாலும் சம்மதிக்க மாட்டான்" என்று சொல்லி அனுப்பியவள் செல்லத்தாய்.