தினமும் ஒரு போன்

நடிகை மாயாதேவி படப்பிடிப்புக்குப் போகிற வழியில் கார் விபத்தில் இறந்தபோது, அவள் அம்மா பார்கவியம்மா இதய அறுவை சிகிச்சைக்காகத் திருச்சூர் ஆஸ்பத்திரியில் படுத்திருந்தார். இப்போது சொன்னால் தாங்கமாட்டார் என்றார்கள் டாக்டர்கள். அறையிலிருந்த டிவியை எடுத்துவிட்டு, மாயாவின் தம்பி சதீசன் நேரே ரஜனியிடம் வந்தான். பன்னிரண்டு வருடமாக மாயாவுக்கு டப்பிங் பேசியவள் ரஜனி.

"சேச்சி, அக்கா மாதிரியே பேச உங்களாலதான் முடியும். அம்மா தேறுற வரைக்கும் தினமும் ஒரு போன் பண்ணுங்க, போதும்."

தோழியின் சிதை ஆறுவதற்குள் அவள் குரலில் சிரிப்பதென்றால் லேசா? ஆனாலும் ரஜனி பேசினாள்.

"அம்மே, கஞ்சி குடிச்சியா?"

"குடிச்சேன்டி. நீ எப்போ வருவே?"

"ஒரே ஷூட்டிங் அம்மே. மூச்சுவிட நேரமில்ல."

போனை வைத்ததும் அழுவாள்.

நாற்பது நாள் கழித்துப் பார்கவியம்மா வீடு திரும்பினார். உண்மையைச் சொல்லிவிடலாம் என்று சதீசனோடு ரஜனியும் போனாள். எதிரே உட்கார்ந்து, "அம்மே..." என்று ஆரம்பித்தாள்.

பார்கவியம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டார். "கஷ்டப்படாதே மோளே. ஆபரேஷன் அன்னிக்கே எனக்குத் தெரியும். உயிரோட இருந்தா என் மக வராம இருப்பாளா?"

ரஜனி உடைந்துபோனாள். "அப்புறம் ஏன் அம்மே தினமும் எங்கிட்ட பேசினே?"

"தெரியும்னு சொல்லியிருந்தா, மறுநாள் நீ கூப்பிட்டிருக்க மாட்டியே!"