நாற்பதாம் பக்கம்

"புத்தகம் புடிக்கல, மூடி வெச்சுட்டேன்னு நேரா சொல்லிட வேண்டியதுதான சுகுணா? இதுக்குப் போயி ராவெல்லாம் தூங்காம கெடக்கற."

"ஐயோ, மெதுவாப் பேசுங்க. அத்த காதுல வுழுந்துடப் போவுது."

கணவன் ரஞ்சித்குமாரை அடக்கிவிட்டு, சுகுணா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். கூடத்தில் மாமியார் ராணியம்மாள் கறுப்புக் கண்ணாடியோடு நாற்காலியில் சாய்ந்திருந்தாள். கண்புரை ஆபரேசன் முடிந்து ஒரு மாதம் ஆகிறது. இன்றைக்கு ரஞ்சித்குமார் அம்மாவைத் தர்மபுரிக்குக் கூட்டிப் போய், படிக்கிற கண்ணாடி வாங்கி வரப் போகிறான். சுகுணாவின் தூக்கத்தைக் கெடுத்தது அந்தக் கண்ணாடிதான்.

ராணியம்மாள் சத்துணவு அமைப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவள். புத்தகப் பைத்தியம். கையில் எடுத்ததைப் பாதியில் வைப்பவர்களைக் கண்டால் அவளுக்கு ஆகாது. சின்ன வயதில் ஒரு கதைப் புத்தகத்தைப் பாதியில் போட்டதற்காக ரஞ்சித்குமாரோடு ரெண்டு நாள் பேசாமல் இருந்தவள்.

ஆபரேசன் முடிந்து பொம்மிடி வீட்டுக்கு வந்ததுமே, தலையணை கனத்துக்கு ஒரு நாவலைச் சுகுணாவிடம் கொடுத்தாள்.

"தெனம் கொஞ்சம் வாசிச்சுக் காட்டு கண்ணு. மொதல்ல இருந்தே வாசி."

கல்யாணமாகி நாலு மாதம்தான். அத்தையின் மனதில் இடம்பிடிக்க இதைவிட நல்ல வழி ஏது என்று சுகுணாவும் சந்தோஷமாகத் தொடங்கினாள்.

அது ஏதோ ஒரு ராஜ குடும்பத்துக் கதை. யார் யாருக்குப் பிறந்தார்கள், யாருக்கு எந்த அரண்மனை என்று பக்கம் பக்கமாகப் போனது. வாசிக்கிறவளுக்கே கொட்டாவி வந்தது. நாற்பதாம் பக்கத்தில் அவளால் முடியவில்லை. என்ன ஆனாலும் ஆகட்டும் என்று, அரண்மனைச் சமையற்காரியின் மகள் செல்லி மதிலேறிக் குதித்து ஓடிப்போனாள் என்று வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டாள்.

அதுவரை சிலைபோல் கிடந்த ராணியம்மாள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். "அடிப்பாவி! அப்புறம்?"

அப்புறமென்ன, செல்லி கூட்ஸ் வண்டியில் ஏறினாள். ஊர் பேர் தெரியாத இடத்தில் இறங்கினாள். இட்லிக்கடை போட்டாள். கல்லாவில் கைவைத்தவனைக் கரண்டியால் அடித்தாள். பாத்திரம் கழுவும்போதே சுகுணா மறுநாள் கதையை யோசித்து வைத்துக்கொள்வாள். பக்கம் திருப்புகிற சத்தம் கேட்கட்டும் என்று காலண்டர் தாள் ஒன்றை அவ்வப்போது சரசரக்கவும் செய்தாள்.

"கண்ணாடி வந்ததும் மொத வேலையா அந்தப் புத்தகத்ததாங்க எடுப்பாங்க. செல்லியத் தேடுவாங்க. கண்ணு தெரியாதவங்கள ஏமாத்துனவன்னு ஆயிடும் என் பொழப்பு."

"எங்கம்மாவ நீ சாதாரணமா நெனச்சுட்ட," என்று சிரித்துக்கொண்டே வண்டிச் சாவியை எடுத்தான் ரஞ்சித்குமார்.

சாயங்காலம் அவர்கள் திரும்பியபோது, பக்கத்து வீட்டுச் சின்னக்கா வாசலிலேயே காத்திருந்தாள்.

"உங்கத்த வாயத் தொறந்தா செல்லி புராணந்தான். புத்தகத்த நானும் வாங்கிட்டுப் போயிப் படிக்கலாம்னு வந்தேன்."



ராணியம்மாள் கைகால் கழுவிவந்து, புதுக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு புத்தகத்தை எடுத்தாள். நிதானமாகப் புரட்டினாள்.

"செல்லி வர்ற எடம் எதுங்கக்கா?" என்று சின்னக்கா எட்டிப் பார்த்தாள்.

ராணியம்மாள் பட்டென்று புத்தகத்தை மூடினாள். "இப்பத்திக்கு இது வூட்ட வுட்டு வெளிய போவாது. நீ நாளைக்கு வா சின்னக்கா."

சின்னக்கா முகத்தைத் தூக்கிக்கொண்டு போனாள். ரஞ்சித்குமார் வண்டியைத் துடைக்கிற சாக்கில் நழுவினான்.

அதற்குமேல் சுகுணாவால் தாங்க முடியவில்லை. "அத்த, என்ன மன்னிச்சுடுங்க. அதுல செல்லியே கெடயாது. எனக்கு அந்தப் புத்தகம் புடிக்கல. நாப்பதாம் பக்கத்தோட வுட்டுட்டேன். உங்ககிட்டச் சொல்லப் பயந்துக்கிட்டு…" கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது.

"தெரியும். அழுவாத, இப்படி உக்காரு."

"தெரியுமா?"

"ரெண்டு வருசமா நானும் இதோட மல்லுக்கட்டறேன் கண்ணு. அந்த நாப்பதாம் பக்கத்தத் தாண்ட முடியல. வுட்டுடலாம்னா அதுக்கும் மனசு வல்ல. பாதியில வெக்கக் கூடாதுன்னு ஊருக்கெல்லாம் சொன்னவளாச்சே, நானே எப்படி வுடறது? நீ வாசிச்சாலாச்சும் முடிஞ்சு தொலையும்னுதான் உங்கிட்ட குடுத்தேன். நீயும் அங்கயே மூடிட்ட பாரு, அன்னிக்குத்தான் எனக்கு அப்பாடான்னு இருந்துச்சு. புடிக்காதத வுட்டா ஒண்ணும் குடி முழுவிடாதுன்னு அப்பத்தான் புத்திக்கு ஏறுச்சு."

மார்பில் ஏறி உட்கார்ந்திருந்த அம்மிக்கல் இறங்கியதுபோல் இருந்தது சுகுணாவுக்கு. அழுகையும் சிரிப்புமாகக் கேட்டாள்:

"நான் மூடுனது அன்னிக்கே உங்களுக்கு எப்படித் தெரிஞ்சுதுங்க அத்த?"

ராணியம்மாள் கண்ணாடியைக் கழற்றி மருமகளைப் பார்த்துச் சிரித்தாள்.

"கிட்டக்க இருக்கற எழுத்துக்குத்தான் கண்ணாடி வேணும்னாரு டாக்டரு. எட்டத்துல இருக்கறதெல்லாம் ஆபரேசன் பண்ண மறுநாளே பளிச்சுன்னு தெரிஞ்சுதே! எதிர்க்க உக்காந்து, மூடுன புத்தகத்த மடியில வெச்சுக்கிட்டு, கையக் கைய ஆட்டி நீ கத சொன்ன அழக இத்தன நாளா கறுப்புக் கண்ணாடிக்குள்ள இருந்து பாத்துக்கிட்டேதான கெடந்தேன்!"