சன்னல் சேலை

ஸ்டூல் மேல் ஏறி, திரை வளையங்களை ஒவ்வொன்றாகக் கழற்றினான்.

துணி தோளில் விழுந்தது. வெளிர்மஞ்சள் வாயில் பருத்தி. ரோஜா, இலை, மறுபடி ரோஜா.

திரையாகத் தொங்கினாலும் அது முழுச் சேலை. அவன் மனைவி வினோதினி அதை மட்டும் வெட்டவில்லை.

மற்றதையெல்லாம் வெட்டினாள். பூப்போட்ட பழைய சேலைகள் மேசை விரிப்பாயின. ஓரம் சுருக்கித் தைத்த தலையணை உறைகளாயின. பிரம்பு நாற்காலிக்கு வெள்ளை அடித்தாள். எனாமல் குவளையில் சாமந்தி வைத்தாள். எங்கோ வெளிநாட்டுக் கிராமத்தில், கொடி படர்ந்த ஒரு வீட்டின் படம் அவள் கைபேசியில் இருந்தது. அதை ஆரணியில், ஒரு வாடகை மாடியில், செய்து பார்த்தாள்.

இது குடித்தனம் பண்ணும் வீடா, போட்டோ ஸ்டுடியோவா என்று அவன் அம்மா கேட்டாள்.

வினோதினி அம்மாவையும் நாற்காலியில் உட்காரவைத்துப் படம் எடுத்தாள்.

உடுத்துவதும் அப்படித்தான். தீபாவளிக்கு எடுத்துக் கொடுத்த பட்டு மடிப்புக் கலையாமல் பீரோவில் இருந்தது. யாரோ கட்டி, துவைத்து, மெலிந்துபோன பூப்போட்ட வாயில்தான் அவளுக்கு வேண்டும். அதோடு பஃப் கை வைத்த ரவிக்கை. யாருடைய அம்மாவின் கல்யாண ஆல்பத்திலிருந்தோ இறங்கி வந்தவள் போல மார்க்கெட்டுக்குப் போவாள்.

பாத்திரக்காரியிடம் ஊரே பழைய சேலையைப் போட்டுப் பாத்திரம் வாங்கும். இவள் சீர்வரிசைக் குடத்தைக் கொடுத்து, அவள் மூட்டையிலிருந்து இந்தச் சேலையை வாங்கினாள்.

தெருவே சிரித்தது. பாத்திரக்காரியும்.

காய்ச்சல் என்றுதான் ஆஸ்பத்திரியில் சேர்த்தான்.

*

அம்மா வீட்டில் இன்று படையல்.

சுமங்கலியாக இறந்துபோனவள் அந்த வீட்டுக்குப் பூவாடைக்காரி. வீட்டில் கல்யாணம் என்றால் முதலில் அவளுக்குப் படைக்க வேண்டும். மஞ்சள், வளையல், பூ, புதுச்சேலை. அவளை அழைத்து, உத்தரவு கேட்க வேண்டும். பிறகுதான் பந்தக்கால்.

கல்யாணம் அவனுக்கு.

பெண் திமிரியில் டீச்சர். ஒருமுறை பார்த்தான். நல்ல பெண். அம்மா கேட்டபோது சரி என்றான். வேண்டாம் என்று சொல்ல நிறையப் பேச வேண்டியிருக்கும்.

சேலையை மட்டும் தானே கொண்டுவருவதாகச் சொல்லியிருந்தான்.

செத்தவர்கள் வருவார்கள் என்று அவன் நம்பவில்லை. பி.எஸ்ஸி. பிசிக்ஸ்.

ஆனால் வந்தால், அவள் இதற்குத்தான் வருவாள்.

தூசி தட்டினான். இஸ்திரி போட்டான். கடையில் மடிப்பது போல மடித்தான்.

*

குப்பம்மா அத்தைதான் எல்லாப் படையலும் முன்னின்று செய்வாள். அப்பாவின் அக்கா. கலசத்துக்குச் சுற்றச் சேலையைப் பிரித்தாள். விரல் ஓரத்தில் நின்றது. கண்ணருகே கொண்டுபோனாள். முகர்ந்து பார்த்தாள்.

"என்னாடா இது, வரிசையா துருக்கறை?"

சன்னல் திரை வளையத்தின் கறை என்று அம்மா சொன்னாள். அம்மாவுக்கு அந்த ரோஜா தெரியும்.

அத்தை சேலையைக் கீழே வைத்தாள். வீட்டுச்சாமிக்குச் சன்னல் துணி சுற்றிய குடும்பம் வட ஆற்காட்டிலேயே இதுதான் என்றாள். திமிரிக்காரர்களுக்குத் தெரிந்தால் பெண்ணைத் தரமாட்டார்கள் என்றார் சித்தப்பா. அவனுடைய தங்கை யாரையும் பார்க்காமல் தேங்காய் நாரை உரித்துக்கொண்டிருந்தாள்.

அம்மா உள்ளே போனாள். பீரோ திறக்கும் சத்தம். அவளுக்கென்று எடுத்து வைத்திருந்த மஞ்சள் பட்டோடு வந்தாள். பார்டரில் இன்னும் கடைத்தாள் ஒட்டியிருந்தது.

"உசுரோட இருந்தவரைக்கும் நம்ம எடுத்துக்குடுத்த புதுசு ஒண்ணு கட்டல. இன்னிக்காவது கட்டட்டும்."

கடைத்தாளை நகத்தால் மெல்லப் பிய்த்தாள். திட்டவில்லை என்று அவனுக்குப் புரிந்தது.

"அதுக்கு அவ வரமாட்டாம்மா" என்றான்.

அத்தை பட்டைக் கலசத்துக்குச் சுற்றினாள். கொசுவம் வைத்தாள். மல்லிகை சூட்டினாள். ஒரு பெண் உட்கார்ந்திருப்பது போலத்தான் இருந்தது.

யாரோ ஒரு பெண்.

*

கற்பூரம் ஏற்றினார்கள்.

மின்விசிறியை நிறுத்தினார்கள். குழந்தைகளை வாசலுக்கு அனுப்பினார்கள்.

அத்தை அவள் பெயரைச் சொல்லி அழைத்தாள். உன் புருஷனுக்கு ஒரு துணை பார்த்திருக்கிறோம், தாயே. மனசு வைத்து உத்தரவு கொடு.

பல்லி சொன்னால் உத்தரவு. சொல்லாவிட்டால் கல்யாணம் இல்லை. அந்த வீட்டில் அப்படித்தான்.

எல்லோரும் தலை குனிந்து காத்திருந்தார்கள். அம்மாவின் உதடுகள் மட்டும் அசைந்தன. எங்கோ தறி ஓடியது. பிறகு அதுவும் நின்றது.

அவன் கண்ணை மூடிக் கேட்டான். சுவர், உத்தரம், சாமி படத்தின் பின்பக்கம். ஒவ்வொன்றாகக் கேட்டான்.

வியர்வை கழுத்தில் இறங்கியது.

கற்பூரம் சின்னதாகிக்கொண்டே வந்தது.

"சொல்லிடுச்சு" என்றாள் அத்தை. தரையில் விரலால் தட்டினாள்.

ஈசானிய மூலையிலிருந்து என்றார் சித்தப்பா. தனக்கும் கேட்டது என்றாள் தங்கை. அவள் அழுதுகொண்டிருந்தாள்.

அம்மா அவன் பக்கம் திரும்பினாள். எத்தனையோ மாதமாக அவனுக்குச் சோறு போட்டுவிட்டு, அவன் எழுந்திருக்கும்வரை எதிரிலேயே உட்கார்ந்திருக்கும் முகம்.

"உனக்குக் கேட்டுச்சில்ல?"

அந்த அறையில் அவனைப்போல யாரும் காது கொடுத்திருக்கவில்லை.

"கேட்டுச்சும்மா" என்றான்.