வலது பக்கப் பட்டைகள்

"கண்ணை மூடிக்கிட்டு ஒட்டினியா அக்கா?"

செருப்பைக் கழற்றுவதற்குள் ஆரம்பித்துவிட்டாள் தங்கை. நாற்காலிக் கம்பெனியில் பாலீஷ் போடுகிறவள். மரத்தில் மயிரிழை இடுக்கு இருந்தாலும் அவள் கண்ணுக்குத் தப்பாது.

மேஜைமேல் முழ நீளத்துக்கு ஒரு மரக் கப்பல். மெல்லிய மரப்பட்டைகளை வெந்நீரில் ஊறவைத்து, வளைத்து, விலாச் சட்டங்கள்மேல் ஒட்டியிருந்தார்கள். இடது பக்கம் ஒன்று, வலது பக்கம் ஒன்று என்று மாற்றி மாற்றித்தான் ஒட்ட வேண்டும். ஒரே பக்கமாக ஒட்டிக்கொண்டே போனால் கப்பல் முறுக்கிக்கொள்ளும். அதனால் இடது மாமாவுக்கு, வலது அக்காவுக்கு.

அக்காவின் கணவரான மாமா பஸ் ஓட்டியவர். பக்கவாதம் வந்து நின்றுவிட்டார். கையைச் சும்மா வைத்தால் அப்படியே மடங்கிப் போகும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அமுக்கச் சொன்ன பந்து இரண்டே நாளில் மூலைக்குப் போனது. களிமண்ணும் போனது. இந்தக் கப்பல் மட்டும்தான் மூன்று மாதமாக நிற்கிறது.

"மாமா பக்கம் இடுக்கு இருக்கு, சரி. கை அப்படி. உனக்கென்ன கேடு? வாட்ச் ரிப்பேர் பண்றவ! முனைக்கு வர வர பட்டையைச் சீவி ஒடுக்கணும்னுகூடவா தெரியாது? பல்லை இளிக்குது."

"எனக்கு வந்தது அவ்வளவுதான்" என்றாள் அக்கா.

மாமாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "கேட்டுக்கோ! வாயாடியே சொல்லிட்டா. தினமும் நான்தான் இவளுக்குச் சொல்லித் தர்றேன்!"

சொல்லிக்கொண்டே, நடுங்கும் விரல்களால் அடுத்த பட்டையை எடுத்தார்.

"உப்புத்தாள் எங்கே இருக்கு? நானாவது தேய்ச்சுத் தொலைக்கிறேன்."

பதிலுக்குக் காத்திராமல் தங்கை உள்ளே போய் அலமாரியைக் குடைந்தாள். ஒரு பிஸ்கட் டப்பா. திறந்தாள்.

நான்கு பட்டைகள். முனைக்கு வர வர அச்சில் வார்த்த மாதிரி ஒடுங்கியிருந்தன. ஒவ்வொன்றின் பின்னாலும் காய்ந்த பசை. பென்சிலில் வலது 1, வலது 2...

பின்னாலேயே வந்த அக்கா டப்பாவைப் பிடுங்கிக்கொண்டாள்.

"மெதுவா பேசு. நாலாவது பட்டை ஒட்டின அன்னிக்கு, கப்பலைத் திருப்பித் திருப்பி ரெண்டு பக்கத்தையும் பார்த்தாரு. 'இனிமே நீயே முடிச்சுக்கோ'ன்னு எழுந்துட்டாருடி. பசை பிடிக்கலைன்னு சொல்லி, என் பக்கத்தைப் பிச்சு எடுத்துட்டேன்."

டப்பாவைத் துணிக்கடியில் செருகினாள்.

"கோணலா ஒட்டத்தான் கை பழகவே மாட்டேன்னுச்சு."

தங்கை அலமாரி ஓரத்தில் கிடந்த உப்புத்தாளை எடுத்தாள்.

"என்ன வாயாடி, உப்புத்தாள் கிடைச்சுதா இல்லையா?" கூடத்திலிருந்து மாமா.

"கிடைச்சுது மாமா! ஆனா அக்கா பக்கம் எவ்வளவு தேய்ச்சாலும் தேறாது. நீங்கதான் பக்கத்துல உட்கார்ந்து இன்னும் கொஞ்ச நாள் சொல்லிக் கொடுக்கணும்!"