வாசற்படியில் நின்றவள்

லைடன் நகரத்துக் கால்வாயோரம் தனியாக வாழ்ந்த யோரிஸுக்கு, செப்புத்தகட்டில் செதுக்கி அச்சிட்ட பழைய படங்கள்தான் துணை. அவற்றில் ஒன்றில், வீட்டுக்குள் நுழையப்போகிறவள் போல முதுகைக் காட்டி ஒருத்தி வாசற்படியில் நிற்பாள். வேலை முடிந்து வந்ததும் அவளிடம் "வந்துட்டேம்மா" என்பார்.

இன்று அந்த வாசற்படி காலியாக இருந்தது. பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார். சுரண்டிய தடம் இல்லை. படக்கடைக்காரர் டிர்க்குக்குப் போன் செய்தார்.

"ஆளே இல்லையா? அப்ப அது, தகட்டுல அவளைச் செதுக்குறதுக்கு முன்னாடி எடுத்த அச்சுய்யா. கிடைக்கவே கிடைக்காது. இத்தனை நாளா எங்கிட்டயே மறைச்சியா?"

சமையலறையில் யாரோ கெட்டிலில் தண்ணீர் பிடிக்கும் சத்தம் கேட்டது. யோரிஸ் போனை வைத்தார். அலமாரியின் பின்னாலிருந்து இன்னொரு கோப்பையை எடுத்துத் தூசி துடைத்தார்.