சண்டைக்கார நர்ஸ்

"உங்களுக்கு வண்டி ஓட்டத்தான் தெரியும். வழி தெரியாது!"

அப்பாவின் அறையிலிருந்து வந்தது நர்ஸின் குரல். வராந்தாவில் வந்துகொண்டிருந்த மகள் அப்படியே நின்றுவிட்டாள்.

"எனக்கா வழி தெரியாது? பஸ் ஓட்டியே தலை நரைச்சவன்மா நான்!" அப்பாவுக்கு மூச்சு இரைத்தது.

"தலை நரைச்சா வழி தெரிஞ்சிடுமா? ஸ்டேஷன்லேர்ந்து மார்க்கெட்டுக்கு ஆத்துப் பாலம் வழியாப் போறதுதான் கிட்ட. சும்மா பிடிச்ச பிடியிலேயே நிக்காதீங்க."

மகளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

இனி குணமாக்க வழியில்லை என்று பெரிய ஆஸ்பத்திரி கைவிரித்த பிறகு, கடைசிவரை வலியில்லாமல் வைத்துப் பார்த்துக்கொள்கிற இந்த இல்லத்தில் அப்பாவைச் சேர்த்திருந்தார்கள். "இடம் சரியா இருக்கா, இல்லையான்னு நீதான் பார்த்துச் சொல்லணும்" என்று தம்பி அவளிடம் விட்டுவிட்டான்.

அவளுக்கு ஓர் ஓட்டலில் அறைகளைச் சோதிக்கிற வேலை. சும்மா விடுவாளா? ஜன்னல் விளிம்பில் விரலை இழுத்துப் பார்த்தாள். தூசி இல்லை. தலையணை உறையை முகர்ந்து பார்த்தாள். மருந்து வாடை இல்லை. மணியை அழுத்திவிட்டு வாசலையே பார்த்தாள். ஓடி வந்தார்கள். அப்பா முகம் சுளிப்பதற்குள் வலிக்கு மருந்து வந்துவிடுகிறது.

எல்லாம் சரி. இந்த வாய் ஒன்றுதான்.

நேரே டாக்டர் அறைக்குப் போனாள்.

"சாகக் கிடக்கற மனுஷன்கிட்ட..." என்று ஆரம்பித்து, நாக்கைக் கடித்துக்கொண்டாள். "எங்கப்பாகிட்ட உங்க நர்ஸ் சரிக்குச் சரி மல்லுக்கு நிக்கறாங்க டாக்டர். இதுதான் பார்த்துக்கற லட்சணமா?"

"அப்பா ஏதாவது குறை சொன்னாரா?"

"அவர் என்ன சொல்வார், பாவம். இப்ப வாயில்லாப் பூச்சி ஆயிட்டார்."

"அவர் குரல் இங்க வரைக்கும் கேட்குதே" என்றார் டாக்டர், சிரிப்பை அடக்கிக்கொண்டு.

மகளுக்கு இன்னும் கோபம் ஏறியது. "அம்மா பகல் முழுக்க இங்கதான் இருக்காங்க. இதையெல்லாம் கேட்டுக்கிட்டு எப்படித்தான் பொறுத்துக்கறாங்களோ! ஒண்ணு, அந்தப் பொண்ணை மாத்துங்க. இல்லேன்னா அப்பாவை இன்னைக்கே வேற இடத்துக்குக் கூட்டிட்டுப் போறோம்."

"மாத்திடலாம். அதுக்கு முன்னாடி அவர்கிட்டயும் ஒரு வார்த்தை கேட்டுடுங்களேன்."

அப்பா தலையணையில் சாய்ந்து நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். வீங்கிப்போன அவர் பாதங்களை மடியில் வைத்து நர்ஸ் மெதுவாகக் களிம்பு தடவிக்கொண்டிருந்தாள். வாய்தான் அப்படி. கை பூவைத் தொடுகிற மாதிரி இருந்தது.

"வா, வா, நீயே நியாயத்தைச் சொல்லு" என்றார் அப்பா. "பாலம் வழியாப் போனா ரயில்வே கேட்ல மாட்டிக்கணும். மில் பக்கமாப் போனா கேட்டே கிடையாது. எது கிட்ட?"

"நீங்க சொல்றதுதாம்ப்பா சரி."

அப்பாவின் முகம் விழுந்துவிட்டது. "போச்சு. நீயும் தலையாட்டிட்டே."

நர்ஸ் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு பின்பக்கமாக வெளியே போனாள். மகள் கட்டிலருகே குனிந்து, "அந்தப் பொண்ணை மாத்தச் சொல்லிட்டேம்ப்பா" என்றாள்.

"ஐயையோ, ஏன்? நான் இன்னும் ஜெயிக்கவே இல்லையே!"

"அப்பா..."

"உடம்பு படுத்ததுலேர்ந்து நான் என்ன சொன்னாலும் எல்லாரும் சரி சரிங்கறீங்க. நேத்து வேணும்னே கிழமையைத் தப்பாச் சொன்னேன். உன் தம்பி அதுக்கும் 'சரிப்பா'ன்னான். நான் ஏற்கெனவே போய்ச் சேர்ந்துட்டேனோன்னு எனக்கே சந்தேகம் வந்துடுச்சு." கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டார். "இந்தப் பொண்ணு ஒருத்திதான் தப்புன்னா தப்புங்குது. அதையும் எடுத்துட்டா அப்புறம் நான் யார்கிட்டதான் பேசறது?"

மகள் நிமிர்ந்து, நர்ஸைத் தேடிப் பின்பக்கம் போனாள்.

குழாயடியில் கிண்ணம் கழுவிக்கொண்டிருந்த நர்ஸ் அவளைப் பார்த்ததும் பதறி எழுந்தாள்.

"மன்னிச்சிடுங்கக்கா. ரொம்பச் சத்தமாப் பேசிட்டேனா?"

இதே வாயா அது என்று இருந்தது மகளுக்கு. "எல்லார்கிட்டயும் இப்படித்தான் சண்டை போடுவீங்களா?"

"எனக்குச் சண்டையே வராதுக்கா. எங்க வீட்டுப் பூனைகூட என்னை மதிக்காது. பாலமும் தெரியாது, மில்லும் தெரியாது. எல்லாம் உங்கம்மா காலையில சொல்லிக் கொடுக்கறதுதான்" என்று தோட்டத்துப் பக்கம் கையைக் காட்டினாள்.

அப்பாவின் ஜன்னலுக்குக் கீழே ஒரு பெஞ்சு. சுவரில் தலையைச் சாய்த்து அம்மா உட்கார்ந்திருந்தாள்.

"நீயாம்மா இந்த வேலை பண்றே? காலம் பூரா அவரோட நீயேதானே சண்டை போட்டே? இப்ப எதுக்கு இன்னொரு ஆளு?"

அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"நாலு வார்த்தை பேசறதுக்குள்ள தொண்டை அடைச்சு அழுதுடறேன்டி. உடனே அவரு, 'சரி, நீ சொல்றதுதான் சரி'ன்னு விட்டுக்கொடுத்துடறாரு. கல்யாணமான நாள்லேர்ந்து எதுலயும் விட்டுக்கொடுக்காத மனுஷன்! அதைப் பார்க்க எனக்குத் தெம்பு இல்ல. அதான் அந்தப் பொண்ணோட கையைப் பிடிச்சுக் கேட்டேன், 'எனக்குப் பதிலா நீ சண்டை போடும்மா, நான் வெளியே உட்கார்ந்து கேட்டுக்கறேன்'னு."