இரண்டாவது வியாபாரி

கிட்ட வாங்க கண்ணுகளா, சின்னக் கதைதான்.

ஆஸ்பத்திரி ஸ்டோர் கீப்பரை, டயாலிசிஸ் குழாய் விற்கும் பெண் போனில் அழைத்தாள்.

“அண்ணே, வெள்ளத்துல எங்க குடோன் முழுகிடுச்சு.”

“காலையில நோயாளிங்க வந்து நிப்பாங்க, நீ வெள்ளக் கதை சொல்றியா? உன்னை விட்டா எனக்கு ஆளில்லையா?”

படக்கென்று போனை வைத்தார். இப்படிப்பட்ட ஆபத்துக்கென்றே பிடித்து வைத்திருந்த இரண்டாவது வியாபாரியை அழைத்தார்.

“சார், நானே அந்தம்மாகிட்ட வாங்கித்தான் உங்களுக்குத் தர்றேன்!”

வேறு வழியில்லாமல் அவளையே மறுபடி அழைத்தார்.

“கோபம் ஆறிடுச்சா அண்ணே? மாடிக்கு ஏத்தின ஒரே பெட்டியை உங்க நோயாளிங்களுக்குன்னு அப்பவே படகுல அனுப்பிட்டேன். அதைச் சொல்லத்தான் கூப்பிட்டேன், நீங்க வெச்சிட்டீங்க.”

காலையில் குழாய் வந்தது. அவருக்குத்தான் வெட்கத்தில் தலை நிமிரவில்லை.

ஆபத்தில் நீளும் கை உங்கள் வீட்டுக்கு என்றும் குறையாமல் இருக்கட்டும், கண்ணுகளா.